ருசியான தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

1854. லண்டன், பிராட் தெரு. அங்கிருந்த அடிபம்பு தண்ணீர் ருசியா இருக்கும்னு நல்ல பேரு.

அந்தப் பக்கம் முன்பு குடியிருந்த ஒரு மூதாட்டி, ஹாம்ப்ஸ்டெட்டுக்கு வீடு மாறிய பிறகும் அந்த ருசியை விடவில்லை. தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தார்.

செப்டம்பர் 2: காலராவில் இறந்தார். அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் இறந்தார். ஹாம்ப்ஸ்டெட்டில் அப்போது காலராவே இல்லை!

காலரா தண்ணீரில்தான் பரவுகிறது என்பதற்கு டாக்டர் ஜான் ஸ்நோ காட்டிய வலுவான சாட்சி இது. பம்புக்குப் பக்கத்து மலக்குழி கசிந்தது பிறகு தெரிந்தது. நாக்குக்கு அது தெரியல பாருங்க.

1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியது. மற்ற ஊர்களும் பின்பற்ற, டைபாய்டு மளமளவெனக் குறைந்தது. நீங்க முகம் சுளிக்கிற லேசான வாடை அதுதான்.

சரி டாக்டர், வீட்டுக்கு ஆர்ஓ வேணுமா?

டிடிஎஸ் 500-க்கு மேல் போகும் உப்புத் தண்ணீர்னா யோசிக்கலாம். அதுக்குக் கீழே, ருசிக்காக மட்டும் என்றால் தேவையில்லை. ஆர்ஓ மெஷின் குளோரினையும் சேர்த்தே எடுத்துவிடும்; பிறகு குடத்தில் கை பட்டால் கிருமியைத் தடுக்க எதுவுமில்லை.

சந்தேகமா? கொதிக்க வைத்து, ஆறவைத்து, மூடி வைத்துக் குடிங்க. காலரா, டைபாய்டு கிருமிகள் அதிலேயே செத்துப்போகும்.