காடும் சான்றும்

திருட்டு மரத்தை வாங்குவோர் உள்ளவரை கோடரி ஓயாது. இதை உணர்ந்த அண்டை நாடான இந்தோனேசியா, மரம் முறைப்படி வெட்டப்பட்டதென மெய்ப்பிக்கும் சான்று முறையை 2009-ல் வகுத்தது. 2013-ல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் மர வாணிப உடன்படிக்கை செய்தது. 2016 நவம்பர் 15 முதல், அவ்வொன்றியம் ஏற்கும் உரிமச் சீட்டுடன் மரம் கப்பலேறியது. உலகில் அச்சீட்டை முதன்முதல் வழங்கிய நாடு அதுவே.

ஆயினும் 2020 பிப்ரவரியில், ஏற்றுமதிக்குச் சான்று வேண்டுவதில்லை என அந்நாட்டு வர்த்தக அமைச்சே விதித்தது. வேலியே பயிரை மேயத் துணிந்தது! காட்டைக் கண்காணிக்கும் குடிமக்கள் சங்கங்கள் எதிர்த்தெழுந்தன. மே மாதத்தில் அவ்விதி ரத்தாயிற்று.

காடழிப்பைக் குறைத்தால் 100 கோடி டாலர் வரை தருவதாக நார்வே 2010-ல் செய்த கரிய ஒப்பந்தமோ, பணம் வந்திலதென்று 2021-ல் முறிக்கப்பட்டு, 2022-ல் மீண்டும் புதிதாக எழுதப்பட்டது.

உடன்படிக்கை ஒரு கருவியே. குடிமக்களின் விழிப்பு இன்றேல் அக்கருவி துருப்பிடிக்கும் என்பதே நம் துணிபு.