நில அளவைச் சங்கிலியும் ஒரு மனைவியின் குறிப்பேடும்

பழைய நில அளவை வரைபடங்களின் ஓரத்தில் அளந்த அதிகாரியின் பெயரும் ஆண்டும் காணப்படும். அவர் எந்நேரம் புறப்பட்டார், எங்கே உண்டார், அவரோடு நடந்தவர்கள் யார் என்பவற்றை வரைபடம் சொல்லாது. 1837–38 குளிர்காலத்தில் கோரக்பூர் மாவட்டத்தில் நடந்த அளவைப் பணியைப் பற்றி நமக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. அளந்தவரோடு அவருடைய மனைவியும் சென்றார் என்பதும், அவர் எழுதும் பழக்கம் உடையவர் என்பதுமே அதற்குக் காரணம்.

ஹென்றி லாரன்ஸ் 1806இல் இலங்கையின் மாத்தறையில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பீரங்கிப் படை அதிகாரி. பின்னாளில் பஞ்சாப் நிர்வாகத்தில் பெயர் பெற்று, 1857 லக்னோ முற்றுகையில் மடிந்தவர் இவரே. 1820களின் இறுதியில் விடுப்பில் அயர்லாந்து சென்றிருந்தபோது, அங்கு நடந்துகொண்டிருந்த நில அளவையில் சில காலம் பணிபுரிந்தார். ஹொனோரியா மார்ஷலை அவர் அறிந்ததும் அந்த விடுப்பின்போதுதான். கைப்பொருள் இல்லாத இளம் அதிகாரி தம் விருப்பத்தைச் சொல்லாமலேயே இந்தியா திரும்பினார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின், 1837 ஆகஸ்டில், கல்கத்தாவில் அவர்கள் திருமணம் நடந்தது. அவ்வாண்டின் குளிர்காலத்திலேயே கோரக்பூரில் கூடார வாழ்க்கை தொடங்கிவிட்டது.

நில அளவை என்றதும் நம் நினைவுக்கு வருவது 1802இல் சென்னையில் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை. லாரன்ஸ் செய்தது வேறு வகையான பணி. வரி விதிப்பதற்காக ஊர் ஊராக அளப்பது. 1833ஆம் ஆண்டின் 9ஆம் ஒழுங்குவிதிக்குப் பிறகு, ராபர்ட் மெர்ட்டின்ஸ் பேர்டின் மேற்பார்வையில் வடமேற்கு மாகாணங்களில் புதிய நிலவரித் தீர்வை நடைபெற்றது. பல மாவட்டங்களில் அத்தீர்வை 30 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு நாள் அளவையில் நேர்ந்த பிழை, ஒரு தலைமுறை உழவர்களின் மேல் சுமையாக இறங்கக்கூடும். எனவே பணியில் வேகமும் வேண்டும், திருத்தமும் வேண்டும்.

வேலையின் முறை இதுதான். ஊர் எல்லையில் திருப்பம் நேரும் ஒவ்வோர் இடத்திலும் தியோடலைட்டை நிறுத்திக் கோணம் பார்க்க வேண்டும். இரண்டு திருப்பங்களுக்கு இடைப்பட்ட தொலைவைச் சங்கிலியால் அளக்க வேண்டும். கன்டர் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். 80 சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். ஊரைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தபின், பார்த்த கோணங்களைக் கூட்டிச் சரிபார்க்கலாம். எல்லையில் 40 திருப்பங்கள் இருந்தால் உட்கோணங்களின் கூட்டுத்தொகை 6,840 பாகை வந்தாக வேண்டும். கணக்கு மிகுதியாகப் பிசகினால் மீண்டும் நடக்க வேண்டியதுதான். பகலில் நடந்ததை இரவில் மடக்கை அட்டவணைகளைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

இத்தகைய ஒரு நாளில் அவ்விணையரைக் கண்ட சக அதிகாரி ஒருவரின் நினைவுக்குறிப்பை, 1872இல் எட்வர்ட்சும் மெரிவேலும் வெளியிட்ட லாரன்ஸ் வாழ்க்கை வரலாறு பதிவு செய்திருக்கிறது. நேபாள எல்லையை ஒட்டிய தராய்க் காடு. ஓடைக்கரை ஒன்றில் ஹொனோரியா அமர்ந்திருக்கிறார். தொங்கும் கால்களுக்குக் கீழே ஏதோ ஒரு காட்டுவிலங்கின் வளை. மடியில் எழுதுபலகை, தாயகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். சற்றுத் தள்ளிக் கணவர் தியோடலைட்டோடு நிற்கிறார். அவர்கள் தங்கிய கூடாரம் ஏறத்தாழப் பத்தடிச் சதுரம். நடுவே தொங்கவிட்ட ஒரு சால்வைதான் சுவர். அதற்கு அப்பால் படுக்கையறை, இப்பால் விருந்தினருக்குக் காலை உணவு. கடிதம் எழுதுவதோடு அவர் பணி முடிந்துவிடவில்லை. கணவர் பார்க்க விரும்பிய நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்துக் கொடுப்பதையும், பின்னாளில் அவர் எழுதிய கட்டுரைகளுக்குத் துணைபுரிவதையும் இவரே செய்தார்.

இக்காட்சியை இனிய இல்லறப் படமாக மட்டும் கண்டு கடந்துவிடலாம். வாழ்க்கை வரலாற்று நூலின் நோக்கும் பெரும்பாலும் அதுவே. வரலாற்று மாணவருக்கு இதில் வேறொன்று தெரிகிறது. அரசு ஏடுகளில் அளவையின் விளைவுதான் எஞ்சுகிறது: பரப்பு, எல்லை, வரி. அந்த விளைவு எவ்வாறு உருவாயிற்று, அதற்கு எத்தகைய வாழ்க்கை தேவைப்பட்டது என்பதை, உடன் சென்றவரின் கடிதங்களும் நாட்குறிப்புகளுமே காட்டுகின்றன. அவருடைய நாட்குறிப்புகளின் தொகுப்பு 1980இல்தான் நூலாக வந்தது. கணவருக்கு விரிவான வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டு நூறாண்டுக்கு மேல் கடந்த பிறகு!

ஆயினும் அவரை முற்றும் போற்றி முடித்துவிடவும் இயலாது. அந்தக் கூடாரத்தைச் சுமந்தவர் வேறு. சங்கிலியை முள்ளிலும் சேற்றிலும் இழுத்த கலாசிகள் வேறு. கொடி பிடித்தவர்களும் வயல் வயலாக விவரம் எழுதிய அமீன்களும் வேறு. அவர்களும் நாள்தோறும் அதே எல்லையைத்தான் சுற்றினர். அவர்களுடைய மனைவியர் எங்கே இருந்தனர், எத்தனை மாதம் காத்திருந்தனர் என்பதற்குக் குறிப்பேடு எதுவும் இல்லை. ஹொனோரியாவின் எழுத்து அரசு ஏட்டின் மௌனத்தில் ஒரு சாளரத்தைத் திறக்கிறது. அச்சாளரமும் ஆள்வோரின் கூடாரத்திலிருந்தே திறக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் கொண்டு படிப்பதுதான் நேர்மையான வாசிப்பு என்று கருதுகிறேன்.

அந்தக் கூட்டுப் பயணம் நீளவில்லை. 1838 செப்டம்பரில் முதல் மகன் பிறந்தான். ஆப்கானியப் போர் நெருங்கவே லாரன்ஸ் அளவைப் பணியை விட்டு நீங்கினார். 1854இல் ஹொனோரியா அபு மலையில் காலமானார். படைவீரர்களின் குழந்தைகளுக்காக 1847இல் சனாவரில் தொடங்கிய லாரன்ஸ் விடுதிப் பள்ளி அவ்விருவரின் பொதுக் கனவு. அந்த வழியில் 1858இல் உருவானதே உதகை லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி. அதன் பெயரைப் படிக்கும்போது நாம் ஒருவரைத்தான் நினைக்கிறோம். அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் இருவர். அவர்களுள் ஒருவர் ஓடைக்கரையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும் இனிச் சேர்த்தே நினைப்போம்.