ஆடு, கோழியைக் காக்க ரைபிள் வாங்கலாமா?
எருமப்பட்டி பகுதியில் நரி, காட்டுப்பூனை, தெருநாய் பட்டிக்குள் புகுந்தால், அரை தானியங்கி ரைபிள் வாங்கலாமா என்று தோன்றும். விவசாயத் தேவைக்கு அதற்கு உரிமம் கிடைக்காது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கு முதன்மையாகச் சொல்வது, குழல் வாய் வழியே மருந்து திணிக்கும் துப்பாக்கியை. அதற்கும் மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். உரிமம் இருந்தாலும் நரி, காட்டுப்பூனையைச் சுடுவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

செய்ய வேண்டியவை:
- பட்டியைச் சுற்றி 6 அடி உயரக் கம்பி வலை அமைத்து, அடியில் 1 அடி மண்ணுக்குள் புதையுங்கள்.
- இருட்டுவதற்குள் குட்டிகளையும் கோழிகளையும் அடைத்துவிடுங்கள்.
- வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சாதீர்கள். மனித உயிரே போகும்.
- ஆடு இறந்தால் உடனே புதைக்காமல் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்து, கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைச் சான்று பெறுங்கள். இழப்பீடு கேட்க அதுவே ஆதாரம்.