கர்த்தரும் கிதாரும் – 14: போதகர் வீட்டுக் கலகக்காரர்

ரெக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் திவால். ஆனால் ஒப்பந்தம் மட்டும் உயிரோடு இருந்தது. அதனால் சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர் குழுவால் புது ஆல்பமும் போட முடியவில்லை, இன்னொரு நிறுவனத்தில் போய்ச் சேரவும் முடியவில்லை. குழுவின் மாட் ஸ்லோகமும் லீ நாஷும் நாஷ்வில்லில் இப்படி அந்தரத்தில் நின்றபோதுதான் போன வாரம் முடித்தோம். அங்கிருந்து ‘கிஸ் மீ’ என்ற ஒரு பாட்டு எப்படி 1999இல் அமெரிக்கத் தரவரிசையின் இரண்டாம் இடம் வரை ஏறியது என்பதுதான் இந்த வாரக் கதை.

ஆனால் ஒரு மனிதரைச் சொல்லாமல் அந்தக் கதைக்குள் நுழைந்தால் அது வெறும் லாட்டரிப் பரிசாகத் தெரியும். பாட்டு நன்றாக இருந்தது, படத்தில் போட்டார்கள், ஊரே கேட்டது என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். உண்மை அப்படியில்லை. அந்தப் பாட்டு வெளியே போவதற்கான வாசலை ஒருவர் பதினைந்து வருடமாக இடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டீவ் டெய்லர்.

1957இல் கலிபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்திலிருக்கும் பிராலி என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர். டெய்லர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் டென்வருக்கு வந்துவிட்டது. போதகர் வீட்டுப் பிள்ளை என்றால் சபை என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வரும் இடமல்ல. யார் உண்மையாக ஜெபிக்கிறார், யார் பக்கத்து வரிசைக்காக ஜெபிக்கிறார் என்று பத்து வயதிலேயே தெரிந்துவிடும். விசுவாசம் எது, விசுவாச வேடம் எது என்று பிரித்தறியும் அந்தக் கண்தான் டெய்லரின் மொத்த முதலீடும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் இசை படித்தார். லண்டனின் கிளாஷ் குழு அவரைப் பிடித்து ஆட்டியது. பங்க் இசையின் கோபத்தை எடுத்துக்கொண்டு சபைக்குள் வந்து நின்றார். வெளியே போய்க் கல்லெறியவில்லை. உள்ளே நின்று பேசினார். இந்த வேறுபாடு கடைசிவரை முக்கியம்.

1982இல் கொலராடோ மலைப் பகுதியில் எஸ்டஸ் பார்க் என்ற இடத்தில் கிறிஸ்தவக் கலைஞர்களுக்கான கூட்டம் ஒன்று நடந்தது. அங்கே பாடிய டெய்லரை ஸ்பாரோ ரெக்கார்ட்ஸ் பிடித்துப் போட்டது. அடுத்த வருடம் ‘ஐ வான்ட் டு பி எ குளோன்’ வந்தது. ஆறே பாடல்கள். சபைக்கு வரும் புது ஆளை எப்படி எல்லோரையும் போலவே பேசவும் உடுத்தவும் சிந்திக்கவும் வைத்து அச்சில் வார்த்தெடுக்கிறார்கள் என்று தலைப்புப் பாட்டு கேலி செய்தது. பாவம் என்ற சொல்லையே மறந்துவிட்ட நாகரிகச் சபைகளையும் அதே தட்டில் இன்னொரு பாட்டு விளாசியது. வலதுசாரியா, இடதுசாரியா என்று கேட்டவர்களுக்கு அன்றைக்கே பதில் கிடைக்கவில்லை.

1980களில் கிறிஸ்தவ இசைச் சந்தை இயங்கிய விதம் வேறு. மற்ற பாட்டுத் தட்டுகள் போல இவை பெரிய இசைக்கடைகளில் விற்கவில்லை. பெரும்பகுதி கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில்தான் விற்றன. பைபிள், வாழ்த்து அட்டை, ஞாயிறு பள்ளிப் பாடநூல், அதன் பக்கத்தில் ஒரு அலமாரி நிறையக் கேசட். அந்தக் கடைக்காரர் வேண்டாம் என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டால் கதை முடிந்தது. வானொலி நிலையமோ பத்திரிகை விமர்சகரோ காப்பாற்ற முடியாது. தணிக்கைக் குழு எதுவும் தேவைப்படவில்லை. கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருந்தவரே தணிக்கை அதிகாரி. ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தால் போதும் அவருக்கு. இந்தத் தொடரின் வில்லன் யார் என்று யாராவது கேட்டால் நான் எந்தத் தனிமனிதரையும் காட்ட மாட்டேன். அந்தக் கல்லாப்பெட்டியைத்தான் காட்டுவேன்.

அந்தக் கடைகளுக்குள்தான் டெய்லர் 1984இல் ‘மெல்ட்டவுன்’ ஆல்பத்தை அனுப்பினார். அதில் ஒரு பாட்டு தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தைக் குறிவைத்தது. வேதாகமக் கல்விக்குப் பேர்போன அந்த நிறுவனம் வெவ்வேறு இனத்து மாணவர்கள் ஒருவரையொருவர் காதலிக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. அதைக் காரணம் காட்டி அரசு வரிவிலக்கை ரத்து செய்ய, 1983இல் உச்ச நீதிமன்றமும் அரசு பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பிறகும் விதியை விடவில்லை. 2000ஆம் ஆண்டில்தான் கைவிட்டார்கள். அரசாங்கம் கேட்டது, நீதிமன்றம் கேட்டது. கிறிஸ்தவப் பாடகர்களில் அதைப் பாட்டாகக் கேட்க டெய்லருக்குத்தான் நா எழுந்தது. ‘மெல்ட்டவுன்’ வந்த அதே 1984இல் இல்லினாயில் நடந்த முதல் கார்னர்ஸ்டோன் இசை விழாவில் மேடையிலிருந்து குதித்துக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். பாடல்களில் எப்படியோ, மேடையிலும் அப்படியே.

அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டும் இருந்தது. அடுத்து வரப்போகும் சண்டைக்கு அதுதான் சாட்சி. 1982இல் இண்டியானா மாநிலம் ப்ளூமிங்டனில் டவுன் சிண்ட்ரோமுடன் ஒரு குழந்தை பிறந்தது. உணவுக்குழாயிலும் கோளாறு. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று பெற்றோர் முடிவெடுத்தார்கள். சில நாட்களில் குழந்தை இறந்தது. ‘பேபி டோ’ என்று நாடே பேசிய வழக்கு. டெய்லர் அந்தப் பெயரிலேயே ஒரு பாட்டெழுதினார். கேலி துளியும் இல்லை, முழுக்கத் துக்கம். பிறந்த உயிரின் மதிப்பு பற்றி அந்த மனிதர் எங்கே நின்றார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்கக் கூடாது.

ஆனால் இருந்தது.

1984 கிறிஸ்துமஸ் தினத்தன்று ஃபுளோரிடாவின் பென்சகோலா நகரில் கருக்கலைப்பு மருத்துவமனைகளில் குண்டுகள் வெடித்தன. அது இயேசுவுக்கான பிறந்தநாள் பரிசு என்று கைதானவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. இப்படியொரு காலத்தில்தான், 1987இல், டெய்லரின் ‘ஐ பிரெடிக்ட் 1990’ வெளிவந்தது. அதன் முதல் பாட்டு மருத்துவமனையைக் குண்டு வைத்துத் தகர்த்த ஒருவன் தானே பேசுவதாக அமைந்தது. யார் அவன்? ஐஸ்க்ரீம் வண்டிக்காரன். கருவில் இருப்பது குழந்தையா இல்லையா என்பது பற்றி அவனுக்கு அக்கறையே இல்லை. ஊரில் பிள்ளைகள் குறைந்துவிட்டால் ஐஸ்க்ரீம் யார் வாங்குவார்கள் என்பதுதான் அவன் கவலை. தெருமுனையில் ஒரு பிரசங்கியார், நல்ல நோக்கத்துக்காகக் கெட்ட வழியில் போகாதீர்கள் என்று கத்திக்கொண்டிருக்க, அவரை இவன் எகத்தாளமாக மடக்குகிறான்.

உயிரைக் காக்கிறேன் என்று சொல்லி உயிரைப் பறிக்கக் கிளம்பியவர்களின் பொய்யை இதைவிடக் கூர்மையாக யாரும் பாட்டில் பிடித்ததில்லை. இருபுறமும் வெட்டும் கத்தி அது. குண்டு வைப்பவனுக்கு எதிரான பாட்டு, அதே நேரத்தில் கருவைப் பற்றிக் கவலையே இல்லாதவனுக்கும் எதிரான பாட்டு. ஆனால் தலைப்பை மட்டும் படித்தவர்கள், குண்டு வைப்பதைக் கொண்டாடுகிறார் என்று பொங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் கிளம்பிய எதிர்ப்பில் அங்கே திட்டமிட்டிருந்த கச்சேரிகள் ரத்தாயின. அமெரிக்கக் கடைகள் சில ஆல்பத்தை அலமாரியிலிருந்து எடுத்தன. அதற்கு இன்னொரு காரணமும் கண்டுபிடித்தார்கள். டெய்லரின் மனைவி ஓவியர். ஆல்பத்தின் அட்டையை அவர்தான் வரைந்திருந்தார். அந்தப் படம் ஆரூடம் பார்க்கும் டாரட் சீட்டு மாதிரி இருக்கிறதாம், ஆகவே சாத்தானின் வேலையாம்!

என்னைக் கேட்டால் 1980களில் கிறிஸ்தவ ராக் உலகம் தந்த மிகச் சிறந்த ஆல்பம் அதுதான். பெட்ரா குழுவின் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம். பெட்ரா மேடைகளை நிரப்பியது, அதை ஐந்தாறு வாரம் இங்கே விரிவாகப் பார்த்தோம். ஆனால் கேட்டு முடித்தபின் தன் சபையைப் பற்றி ஒருவரைத் தூங்கவிடாமல் யோசிக்க வைக்கிற வேலையை டெய்லர் ஒருவர்தான் செய்தார்.

அந்த வேலைக்குக் கிடைத்த கூலி அலமாரியிலிருந்து வெளியேற்றம். டெய்லர் கிறிஸ்தவச் சந்தையை விட்டே விலகினார். நாஷ்வில்லில் ‘ஷகால் கெவாரா’ என்ற குழுவைச் சேர்த்தார். ஓவியர் ஷகாலையும் புரட்சிக்காரர் சே குவேராவையும் ஒட்டவைத்த பெயர். எம்சிஏ என்ற பெரிய நிறுவனம் 1991இல் அவர்கள் ஆல்பத்தை வெளியிட்டது. இசை தெரிந்தவர்கள் பாராட்டினார்கள். விற்கவில்லை. நிறுவனமும் அக்கறை காட்டவில்லை. குழு கலைந்தது. உள்ளே வைத்திருக்க மாட்டேன் என்றது சபைச் சந்தை, வெளியே இடம் தர மாட்டேன் என்றது பெருஞ்சந்தை. இரண்டு கதவும் மூடிய பிறகு ஒரு சாதாரண ஆள் வேறு தொழில் பார்க்கப் போயிருப்பார்.

டெய்லர் 1993இல் ‘ஸ்க்வின்ட்’ என்ற ஆல்பத்தோடு திரும்பி வந்தார். இதற்கிடையே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த நியூஸ்பாய்ஸ் குழுவுக்குத் தயாரிப்பாளராகவும் பாடலாசிரியராகவும் ஆனார். அதுவரை அந்தக் குழுவைக் கச்சேரி வட்டத்துக்கு வெளியே அதிகம் பேர் கவனித்ததில்லை. டெய்லர் எழுதிய வரிகளோடு 1994இல் ‘ஷைன்’ வந்தது. இளைஞர் கூடுகைகளில் அந்தப் பாட்டு ஒலிக்காத இடமே இல்லை என்று ஆனது. தன் குரலுக்கு மூடிய கதவை அடுத்தவர் குரலுக்குத் திறக்கும் வித்தையை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார். ஒரு கலகக்காரர் தன் பெயரை அட்டையின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோகச் சம்மதிப்பது சின்ன விஷயமல்ல. என் கணக்கில் டெய்லர் வீரராவது ஐஸ்க்ரீம்காரன் பாட்டில் இல்லை, இந்த இடத்தில்தான்.

1997இல் வேர்ட் நிறுவனத்தின் துணையோடு தன் ஆல்பத்தின் பெயரிலேயே ஸ்க்வின்ட் எண்டர்டெய்ன்மென்ட்டைத் தொடங்கினார். திட்டம் எளிமையானது. விசுவாசிகள் எழுதுகிற பாட்டு விசுவாசிகளின் கடையில் மட்டும் விற்க வேண்டுமென்று யார் சொன்னது? ஊர் வானொலியில், ஊர்க் கடையில், மற்றப் பாடல்களோடு சரிசமமாக நின்று வெல்லட்டும். எமி கிராண்ட் 1991இலேயே ‘பேபி பேபி’யோடு முதலிடம் பிடித்துக் காட்டியிருந்தார். 1996இல் ஜார்ஸ் ஆஃப் கிளேயின் ‘ஃப்ளட்’ ராக் வானொலிகளில் ஓடியது. ஆனால் அவை தப்பித்துப் போனவர்களின் கதைகள். தப்பிக்கத் தேவையே இல்லாத ஒரு வழியைப் போடுவதுதான் டெய்லரின் எண்ணம்.

முதலில் யாரை எடுப்பது? ரெக்ஸின் இடிபாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த நம் சிக்ஸ்பென்ஸ்.

தயாரிப்பாளராக டெய்லரே உட்கார்ந்தார். 1997 இறுதியில் குழுவின் பெயரிலேயே ஆல்பம் வந்தது. பன்னிரண்டு பாடல்கள். வரிசையைப் பார்த்தால் ஸ்லோகம் எவ்வளவு நொந்திருந்தார் என்பது புரியும். ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது பாட்டு மூன்றுமே களைப்பு, மறதி, காத்திருப்பு. நிறுவனம் கைவிட்ட வருடங்களின் கசப்பு அப்படியே இருக்கிறது. ஆறாவது பாட்டு நெரூதாவின் ஸ்பானியக் கவிதையை அடியொற்றியது. ஒரு கிறிஸ்தவக் குழுவின் ஆல்பத்தில் கம்யூனிஸ்ட் கவிஞர் நெரூதா! டெய்லரைத் தவிர வேறு எந்தத் தயாரிப்பாளரும் அதை வெட்டச் சொல்லியிருப்பார். மூன்று சோகத்தைத் தாண்டி, நாலாவதாக, லேசான கிதாரோடு ‘கிஸ் மீ’ உட்கார்ந்திருந்தது.

அந்த நாலாவது பாட்டைச் சபைச் சந்தை என்ன செய்தது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் வரை அடக்கிவைக்க மனமில்லை. டவ் விருதுகள் என்று கிறிஸ்தவ இசைக்கு 1969 முதல் வழங்கப்படும் விருதுகள் உண்டு. வழங்குவது கோஸ்பெல் மியூசிக் அசோசியேஷன். 1998இல் அவர்கள் கிறிஸ்தவப் பாடல் என்றால் என்ன என்று வரையறை எழுதினார்கள். வேதசத்தியத்தின் அடிப்படையிலோ, துதியாகவோ சாட்சியாகவோ கிறிஸ்தவப் பார்வையிலிருந்தோ இருக்க வேண்டும் என்று வரிகளை அளந்தார்கள். ‘கிஸ் மீ’ அந்த அளவுகோலில் தேறவில்லை. தகுதியில்லை என்று ஒதுக்கினார்கள். புல்வெளியையும் நிலவொளியையும் காதலையும் படைத்தவர் கர்த்தர் என்று நம்புகிறவர்கள், அவற்றைப் பாடிய பாட்டைத் தம்முடையதல்ல என்று தள்ளிவிட்டார்கள். பைபிளுக்கு நடுவிலேயே உன்னதப்பாட்டு என்று ஒரு புத்தகம் இருக்கிறதே, அதை இந்த அளவுகோலால் அளந்திருந்தால்?

டெய்லருக்கு இது புதிதல்ல. 1987இல் அவர் அட்டையை அளந்த அதே கைகள்தான். ஒரு வித்தியாசம், இந்த முறை அந்த அலமாரியை நம்பி அவர் இல்லை.

பாரிஸ் தெருக்களில், த்ரூஃபோவின் ‘ஜூல் எ ஜிம்’ படத்துக்கு மரியாதையாக, கறுப்பு வெள்ளையில் ‘கிஸ் மீ’ வீடியோவை டெய்லரே இயக்கியது, ‘டாசன்ஸ் கிரீக்’ தொடரிலும் ‘ஷி இஸ் ஆல் தட்’ படத்திலும் அந்தப் பாட்டு புகுந்தது, டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் லீ நாஷ் உட்கார்ந்து தங்கள் குழுவுக்கு சி.எஸ். லூயிஸிடமிருந்து பெயர் வந்த கதையை நாடறியச் சொன்னது, கடைசியில் அந்த ஸ்க்வின்ட் நிறுவனமே டெய்லரின் கையை விட்டுப் போனது எல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)