மலையில் வேலை பார்த்த டாக்டருக்கு எம்.டி. சீட் உண்டா?

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் போன்ற ஊர்களிலும், குரங்கணி போன்ற மலைக்கிராமங்களிலும், ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிப் போகும் கூலித் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் பார்ப்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்து எம்.பி.பி.எஸ். டாக்டர்தான். கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2004-இல்தான். அதற்கு முன் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும்.

சரி, அந்த எம்.பி.பி.எஸ். டாக்டர் எம்.டி. படிக்க ஆசைப்பட்டால்? பகலெல்லாம் நோயாளிகளைப் பார்ப்பவரும், வேலைக்கே போகாமல் கோச்சிங் வகுப்பில் படித்தவரும் ஒரே தேர்வை எழுதினால் யார் முந்துவார்?

இதற்குத் தமிழ்நாடு கண்ட வழி, மாநிலத்துக்குரிய முதுகலை இடங்களில் 50 சதவீதத்தை அரசுப் பணியில் உள்ள டாக்டர்களுக்கு ஒதுக்குவது. ஆனால் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2000-ஆம் ஆண்டு விதிகள் வேறு வழி சொல்லின. தொலைதூர, கடினமான பகுதியில் வேலை பார்த்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 30 சதவீதம் கூடுதல் மதிப்பெண். 400 மதிப்பெண் எடுத்தவர் மூன்று ஆண்டு மலையில் இருந்திருந்தால் அவர் கணக்கு 520 ஆகிவிடும்! 500 எடுத்த மற்றவர் பின்னால் போவார். அவருக்கு இது அநியாயமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. எது 'கடினமான பகுதி' என்று பட்டியல் போடுவதிலும் வழக்கு வந்தது.

2016 ஆகஸ்டில் ஓர் உத்தரப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டப்படிப்புக்குக் கூடுதல் மதிப்பெண் மட்டுமே, தனி ஒதுக்கீடு கிடையாது என்றது. 2017-இல் அது தமிழ்நாட்டையும் தொட்டது. அரசு டாக்டர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் போனது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. கல்வித் தரத்தை நிர்ணயிப்பதுதான் கவுன்சிலின் வேலை. பணியில் உள்ளவர்களுக்கு இடம் ஒதுக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்றது. அப்படிச் சேருகிறவர்கள் படித்து முடித்த பிறகும் கிராம, பழங்குடி, மலைப் பகுதிகளில் பணியாற்ற மாநிலங்கள் ஒப்பந்தம் எழுதி வாங்க வேண்டும் என்றும் சொன்னது.

இந்த ஒதுக்கீட்டில் வருபவரும் நீட் தேர்வில் தகுதி பெற்றே ஆக வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. லட்சக்கணக்கான பேரை வேகமாக வரிசைப்படுத்த தேர்வை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் யாருக்கு எம்.டி. சீட் என்ற விதிதான், நாளை மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவாரா என்பதையும் முடிவு செய்கிறது. மலைக்குப் போனால் மேற்படிப்பு போய்விடும் என்றால் யார் போவார்கள்?