ஹன்டி பேரின்பநாயகம்: வாலிபர் மேடையும் அதிபர் ஆசனமும்

மிஷன் கல்லூரியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஒருவர், பின்னாளில் இந்துக் கல்லூரியொன்றின் அதிபரானார். மிஷன் பாடசாலையின் வாயிலால் வெளிவந்த எமக்கு அன்னாரின் வரலாற்றில் தனியொரு பற்று உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

1899ஆம் ஆண்டு பிறந்த பேரின்பநாயகம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் மாணவர். 1924ஆம் ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தோன்றியபோது அதனை முன்னின்று நடத்தியவர் அவரே. அப்போது அவருக்கு வயது 25. ஏறத்தாழ எம்முடைய வயது! பூரண சுயராச்சியம், தீண்டாமை ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி, இனங்களுக்கிடையே ஒற்றுமை என்பனவே அவ்விளைஞர்களின் இலட்சியங்கள். 1926இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா யாழ்ப்பாணத்துக்கு வந்து கூட்டாட்சியை ஆதரித்துப் பேசியதும் இவர்கள் அமைத்த மேடையிலேதான். 1927 நவம்பர் இறுதியில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்தில் வரவேற்றவர்களும் இவர்களே.

மேடையிற் பேசுவது எளிது; பந்தியில் உட்காருவதே கடினம். உயர்ந்தோர் வாங்கிலும் தாழ்த்தப்பட்டோர் தரையிலுமாக மாணவர் பிரிந்திருந்த காலம் அது. 1930ஆம் ஆண்டளவில் சமஆசனம் வற்புறுத்தப்பட்டபோது குடாநாட்டிற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. கொளுத்தியோர் அந்நியரல்லர், எம்மவரே. அந்நாளில் ஊராரின் சினத்துக்கு அஞ்சாது காங்கிரசார் சமஆசனத்தை ஆதரித்தனர். அவர்கள் செய்தவற்றுள் இதனையே நாம் தலையாயதாகக் கொள்வோம்.

1931இன் பகிஷ்காரத்தை அவ்வாறு சொல்ல இயலவில்லை. டொனமூர் யாப்பு முழுச் சுயாட்சி தரவில்லை என்று கூறி அரசுக் கழகத் தேர்தலைப் புறக்கணிக்குமாறு காங்கிரஸ் கோரிற்று. வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. தெற்கு அவ்வழியிற் செல்லவில்லை. 1934 வரை அவ்வாசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. நோக்கம் தூயது, கணக்குத் தவறியது என்றே நாம் எண்ணுகிறோம். அதன் பின் காங்கிரசின் செல்வாக்குத் தேய்ந்தது. 1947இல் பாராளுமன்றத் தேர்தலில் நின்ற பேரின்பநாயகமும் தோல்வியுற்றார்.

ஆயின் அவரது பணி அங்கு முடியவில்லை. 1910இல் தோன்றிய கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு 1949இல் அதிபராகி 1960 வரை அப்பதவியில் இருந்தார். தாய்மொழியிற் கல்வி வேண்டுமென்று இளமையில் முழங்கியவர், மேல்வகுப்புகளும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறிய காலத்தில் பொறுப்புள்ள ஆசனத்தில் இருந்தார். ஆனால் சிங்களமும் தமிழும் ஒருங்கே வளரும் என்று அவர் கண்ட கனவோ, 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தால் அவர் கண்முன்னேயே சிதைந்தது. அதன் பின்னரும் அவர் கல்விப் பணியைக் கைவிடவில்லை. 1961இன் தேசிய கல்வி ஆணைக்குழுவிலும் அங்கம் வகித்தார். 1977இல் காலமானார்.

கொக்குவிலில் அவர் காலத்திற் பயின்றோர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள். எமது சங்கத்து மூத்தோருள் அத்தகையோர் இருப்பின், தோற்றுப்போன அந்தக் காங்கிரசைப் பற்றி அவர் மாணவரிடம் என்ன சொன்னார், அல்லது ஒன்றுமே சொல்லாதிருந்தாரா என்பதைக் கேட்டு எழுதி வைக்க நாம் ஆவலாயுள்ளோம்.