கே. பி. சுந்தராம்பாள்

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் (1908–1980) அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ் நாடக மேடையிலும் திரையிலும் பாடி நடித்தவர். ஈரோட்டுப் பக்கம் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். நாகூரைத் தாண்டி, கீழவாஞ்சூர் வழியாகக் காரைக்காலுக்குள் நுழைபவர்களுக்கு அவரை நினைக்கத் தனிக் காரணம் உண்டு. அந்த மண்ணின் காரைக்கால் அம்மையாராகத் திரையில் பாடி நடித்தவர் அவர்.

வறுமையில் வளர்ந்த சிறுமி, ரயிலில் பாடிக் காசு சேர்த்தாள். அந்தக் குரல்தான் அவளை வேலு நாயர் நாடகக் குழுவில் கொண்டு சேர்த்தது. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பிள்ளை வேடம் முதல் வேடம். வளர்ந்தபின் ஸ்திரீபார்ட் என்னும் முதன்மைப் பெண் வேடம், சில சமயம் ராஜபார்ட் என்னும் முதன்மை ஆண் வேடம். அன்றைய ஸ்பெஷல் நாடகத்தில் ஒலிபெருக்கி கிடையாது. ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் மீறி, கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட்காரர் காதிலும் சொல் தெளிவாக விழ வேண்டும். உச்சஸ்தாயியில் நின்றபோதும் அவர் பாட்டில் ஓர் எழுத்துகூட மழுங்காததற்கு இந்த மேடைப் பழக்கமே காரணம். எந்த ஆசிரியரும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

1926இல் இலங்கையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் மேடையேறினார், அடுத்த ஆண்டு இருவரும் மணந்துகொண்டனர். ‘வள்ளி திருமணம்’ இந்த இணைக்குப் பேர்போன நாடகம். வேலனும் வள்ளியும் மாறி மாறிப் பாடும் தர்க்கத்தில் இரண்டு பெருங்குரல்கள் மோதுவதைக் கேட்கவே கூட்டம் திரண்டது. ஆனால் இல்லறம் அமைதியாக இல்லை, பிரிவும் வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25. வெள்ளைச் சேலை உடுத்தி மேடையை விட்டு ஒதுங்கினார். பிறகு திரும்பி வந்தபோதும் ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்.

அவருடைய திரை வாழ்க்கையை வடிவமைத்தது இந்த முடிவுதான். முதல் படம் ‘பக்த நந்தனார்’ (1935). அதில் அவருக்கு ஆண் வேடம். மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராக நடித்தார். ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்பது அக்காலத்தில் ஊரெல்லாம் பேசிய செய்தி. தொடர்ந்து ‘மணிமேகலை’ (1940). ஜெமினி எஸ். எஸ். வாசன் தயாரிப்பில், கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ‘ஔவையார்’ (1953) அவரைத் தமிழர் வீடுகள்தோறும் கொண்டுபோனது. ‘பூம்புகார்’ (1964) படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகளாக நடித்தார். அவருக்கு வாய்த்த பாத்திரங்களில் பெரும்பாலானோர் இல்லறத்துக்கு வெளியே நிற்பவர்கள். வேடம் சுருங்கியதே தவிர, குரல் சுருங்கவில்லை.

அரசியலிலும் அந்தக் குரல் பயன்பட்டது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் அக்கட்சி மேடைகளில் பாடினார். பின்னர் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். ‘துணைவன்’ படப் பாடலுக்காக 1969க்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன.

இயக்குநர் ஏ. பி. நாகராஜன் அவருடைய குரலின் மதிப்பை நன்கு அறிந்தவர். ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் பழத்துக்காகக் கோபித்துக்கொண்ட முருகனைச் சமாதானப்படுத்தும் ஔவையாக அவரைப் பாட வைத்தார். எட்டு ஆண்டு கழித்து மாங்கனியின் கதைக்கே அழைத்தார். ‘காரைக்கால் அம்மையார்’ (1973) படத்துக்குக் குன்னக்குடி வைத்தியநாதன் இசை. கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்த புனிதவதி என்னும் அம்மையாரின் கதை அது. அந்த நிகழ்ச்சியைக் காரைக்கால் இன்றும் ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் கொண்டாடுகிறது. வேண்டிக்கொண்டவர்கள் மாடியிலிருந்து மாம்பழங்களை இறைக்கிறார்கள்.

இளமையே வேண்டாம் என்று கேட்டுப் பெற்றவர்கள் ஔவையும் அம்மையாரும். ‘ஔவையார்’, ‘காரைக்கால் அம்மையார்’ ஆகிய இரண்டு படங்களிலும் இளம்பருவத்துக்கு வேறு நடிகையர்: முன்னதில் குசலகுமாரி, பின்னதில் லட்சுமி. அழகைத் துறந்த உருவம் சுந்தராம்பாளுக்கு வந்தது. காரைக்கால் அம்மையாராக அவர் பாடியபோது வயது 65ஐ நெருங்கியிருந்தது; கிட்டப்பா மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.